மன்னார்க் கதைக்குப் பின்னேரம் ஆறு மணி

(சனசமூக நிலையங்களில் கரம் போட்டிக்கும் பத்திரிகை வாசிப்புக்கும் நடுவே, மாதத்தில் ஒரு பின்னேரம் ஊர் வரலாற்றைப் பேசினால் என்ன என்று இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தோம். மன்னாரில் இருப்பவர்களும் மன்னாரை விட்டுப் போனவர்களும் பதிலுக்குக் கேள்விகளாகவே அனுப்பித் தள்ளியிருக்கிறார்கள்.)

க.ம., பேசாலை: எங்கள் நிலையத்தில் வரலாற்றுப் பேச்சு வைப்போம் என்றால், "ஆர் வருவினம்?" என்று கேட்கிறார் தலைவர். என்ன சொல்ல?

உடக்குப் பாஸ் என்கிற திருப்பாடுகள் காட்சி பார்க்கக் கூடுகிற ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? விடிய விடிய இருந்து வாசாப்பும் நாட்டுக்கூத்தும் பார்த்த சனம் ஒரு மணி நேரப் பேச்சுக்கு அஞ்சாது. அஞ்ச வேண்டியவர் பேச்சாளர். கூத்தில் ஒரு அடி பிசகினால் கீழே இருக்கிற ஆச்சி எடுத்துக் கொடுப்பார். அதே ஆச்சிதான் உங்கள் கூட்டத்திலும் முன்வரிசையில் இருக்கப் போகிறார்.

ஒரு வாசகி, முருங்கன்: முதல் பேச்சுக்குத் தலைப்பு?

முத்து. வேறு யோசிக்கவே வேண்டாம். ஆனால் கிளியோபாத்திராவின் முத்தில் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். மறிச்சுக்கட்டியில் தொடங்குங்கள். வருடத்தில் பெரும்பகுதி மணலும் முட்பற்றையுமாகக் கிடந்த கரை அது. முத்துக்குளிப்பு என்று அரசு அறிவித்ததும் ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டினமே எழும்பிவிடும். பொலிஸ், நீதிமன்றம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் வரும். பாரசீகக் குடாவிலிருந்து அரபுக்காரர், அக்கரையிலிருந்து தமிழர், சோனகர் என்று ஆயிரக்கணக்கில் குளிகாரர் வந்து இறங்குவார்கள். சில கிழமைகளில் எல்லாம் கலைந்து மறுபடி மணல்.

1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் மட்டும் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பி கரையேறியது. கல்லில் கால் வைத்து இறங்கி, ஒரு நிமிடம் போல மூச்சடக்கி அள்ளி வந்தவனுக்கு அப்போது மூன்றில் ஒரு பங்கு. மற்ற இரண்டு பங்கும் ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் போகும். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிற அரசாங்கத்துக்கும் தெரியாது. சீட்டுக்குப் பதில் சிப்பி கொடுத்து அரசாங்கமே நடத்திய லொத்தர்.

நி.ப., சிலாவத்துறை: இந்த முத்துக் கதையில் உங்களுக்குப் பிடித்த விவரம் எது?

நாற்றம். சிப்பியைத் திறந்து முத்தை எடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கோடிக்கணக்கில் கிடப்பதை யார் ஒவ்வொன்றாகத் திறப்பது? வெயிலில் குவித்து அழுக விடுவார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்த பிறகு கழுவி அரித்தெடுப்பார்கள். 1906இல் மறிச்சுக்கட்டிக்குக் கடமைக்கு வந்த 25 வயது வெள்ளைக்கார உத்தியோகத்தர் ஒருவர், கிழவரான பிறகும் தன் வாழ்க்கை வரலாற்றில் அந்த முத்துக்குளிப்பை விரிவாக எழுதினார். பெயர் லெனாட் வூல்ஃப். பின்னாளில் எழுத்தாளர் வெர்ஜீனியாவின் கணவர். முத்துமாலை விளம்பரங்களில் இந்தப் பகுதி வராது. உங்கள் பேச்சில் வரட்டும். தேத்தண்ணி நேரத்துக்குக் கிட்ட வேண்டாம்.

அதே நி.ப.: பிறகு முத்து எங்கே போனது?

நல்ல விளைச்சல் கண்ட சூட்டோடு லண்டன் கம்பனி ஒன்று முத்துப் பார்களை 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு நெடுங்காலம் சிப்பி வரவில்லை. கடல் குத்தகைப் பத்திரத்தை வாசிக்கவில்லை போலிருக்கிறது.

அ.ஜெ., தாழ்வுபாடு: முத்துக்குளிப்பில் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்ட ஒருவர் இருந்தார் என்று அப்பப்பா சொல்வார். நம்பலாமா?

மந்திரத்தை நம்புவது உங்கள் விருப்பம். ஆளை நம்பலாம், சம்பளமும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் இந்தக் கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, குளிப்பில் கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரவாதிகளுக்குப் போகும் என்கிறார். மந்திரம் பகலுக்கு மட்டுந்தானாம். இரவில் கட்டை அவிழ்த்து விடுவார்களாம். இரவில் களவாய்க் குளிக்க நினைப்பவனுக்கு அதைவிடக் காவல் எது?

ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது வருடம் கழித்து, இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராய் இருந்த எமர்சன் டெனன்ட் வருகிறார். அப்போதும் அந்தப் பதவி இருக்கிறது, பரம்பரையாக. குடும்பத் தலைவர் அப்போது கத்தோலிக்கர். அது மந்திரத்துக்கு ஒரு தடையாகவும் யாருக்கும் படவில்லை. டெனன்ட் போன அன்று அவருக்குச் சுகமில்லை, வேறொருவரை அனுப்பியிருந்தார். வந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? தனக்கு மந்திரம் தெரியாதாம். ஆனால் பெரியவரின் பிரதிநிதியாகத் தான் நிற்பதே போதுமாம், சுறாக்கள் அதை மதித்து நடக்குமாம். பதிற்கடமை உத்தியோகத்தருக்கு இந்த நாட்டில் கிடைத்த உச்ச மரியாதை இதுதான் என்று நினைக்கிறேன். கச்சேரியில் வேலை செய்பவர்கள் கூட்டத்துக்கு வந்திருந்தால் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ம.ரா., அரிப்பு: எங்கள் அல்லிராணிக் கோட்டையில் அல்லிராணி இருந்தாரா இல்லையா? சிநேகிதன் ஒருவனோடு பந்தயம்.

"இருந்தார்" என்று பந்தயம் கட்டியிருந்தால் காசை எடுத்து வையுங்கள். கடலோரம் இடிந்து நிற்கிற அந்தக் கட்டடம் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. முத்துக்குளிப்பு நடக்கும்போது வந்து தங்குவதற்கு. கிரேக்கப் பாணித் தூண் வைத்தபடியால் வெள்ளைக்காரருக்கு அது "டோரிக்". அந்தக் காலத்தில் இங்கே இருந்த கோர்டினர் என்ற பாதிரியார், இலங்கையிலேயே அழகான கட்டடம் அதுதான் என்று எழுதி வைத்தார். இன்று கரை அரிக்க அரிக்கத் தூண்கள் சரிகின்றன.

ஆனால் சிநேகிதனிடம் இதையும் சொல்லுங்கள். கட்டியவர் நாட்டை விட்டுப் போய் இருநூறு வருடத்துக்கு மேலாகிறது. ஊர் அதை அவர் பெயரால் அழைக்கவில்லை. முத்துக் கடலை ஆண்டதாகத் தான் கேட்ட அரசியின் பெயரால் அழைக்கிறது. பந்தயத்தில் தோற்றாலும் அல்லிராணிக்கு வீடு கிடைத்துவிட்டது.

அதே ம.ரா.: அரிப்பில் வேறு ஏதாவது பெருமை?

இருக்கிறது, கேட்காமல் விட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். 1660இல் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல்காரர் 19 வருடம் மலைநாட்டில் சிறை இருந்தார். சிறை என்றால் கம்பிச் சிறை இல்லை. தொப்பி பின்னி, நெல் வட்டிக்குக் கொடுத்து, ஊரோடு வாழ்ந்த சிறை. 1679இல் ஒரு தோழரோடு தப்பி, அருவியாற்றங்கரையைப் பிடித்துக் காடு கடந்து வந்து சேர்ந்த இடம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டை. அங்கிருந்து மன்னார், பிறகு கொழும்பு, பிறகு லண்டன். 1681இல் அவர் புத்தகம் வெளிவந்தது. ரொபின்சன் குரூசோ எழுதிய டீஃபோ அதை வாசித்துப் பயன்படுத்தியவர். அந்தப் புத்தகத்தில் விடுதலை அரிப்பில்தான் கிடைக்கிறது. ஒரு பலகை வைக்கச் சொல்லிப் பிரதேச சபைக்கு எழுதுங்கள்.

ஒரு மாணவன், மன்னார் நகரம்: மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் ஏன் கட்டினார்கள்? 5 புள்ளிக் கேள்வி.

யாழ்ப்பாணம் கிடைக்காதபடியால். 1560இல் கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் படையோடு வந்தார். பிடித்ததைக் காக்க முடியவில்லை. வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு மன்னாரில் கோட்டை போட்டார். 1658இல் ஒல்லாந்தர் பறித்துத் திருத்திக் கட்டினார்கள், 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். "வெட்கப்பட்டு" என்பதை விடைத்தாளில் எழுத வேண்டாம், தம்பி. அது என் அபிப்பிராயம், புள்ளி தரமாட்டார்கள்.

பெயர் வேண்டாம், வங்காலை: மன்னாரில் கடற்கன்னி பிடித்தார்கள் என்று எங்கோ வாசித்தேன். கதைதானே?

அறிக்கையே இருக்கிறது! கோட்டை கட்டிய அதே 1560. மன்னார்க் கடலில் அகப்பட்ட ஏழு "கடல் மனிதர்களை" அரசப் பிரதிநிதியின் வைத்தியர் அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்பெல்லாம் மனிதருக்கு உள்ளதைப் போலவே இருக்கிறது என்று சொன்னதாக இயேசு சபையினரின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. மேலே சொன்ன டெனன்ட் இதை எடுத்துப் போட்டு, அது கடற்பசு என்று முடித்து வைத்தார். மார்போடு அணைத்துப் பால் கொடுக்கிற பிராணி. தூரத்தில் இருந்து, அதுவும் மாதக்கணக்காய்க் கப்பலில் இருந்தவன் கண்ணால் பார்த்தால் கன்னிதான். வைத்தியர் கிட்டத்தில் இருந்து பார்த்தவர், அவரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்று கடற்பசுவைப் பார்ப்பதே அரிது. அக்கரையில் பாக்கு நீரிணைப் பக்கம் 448 சதுர கிலோமீற்றரை அதற்கென்றே 2022இல் தமிழ்நாடு ஒதுக்கியது. இக்கரையில் சட்டம் இருக்கிறது, வலையும் இருக்கிறது.

ஒரு சுற்றுலா வழிகாட்டி, பள்ளிமுனை: பெருக்க மரத்தின் வயதைச் சரியாகச் சொல்லுங்கள். ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.

1477இல் நட்டது என்று ஒரு கணக்கு, எழுநூறு வருடம் என்று இன்னொரு கணக்கு. இந்த இன மரம் வயதாகும்போது உள்ளே கோறையாகிவிடும்; வளையம் எண்ணி வயது சொல்வது கடினம். சுற்றளவு சுமார் 19 மீற்றர், உயரம் அதில் பாதியும் இல்லை. அது ஆபிரிக்க மரம், அரபு வணிகர் கொண்டு வந்தார்கள் என்பது ஊர் வழக்கு. வயதை விட்டுவிட்டு வயிற்றைக் காட்டுங்கள். அதில் தகராறு வராது.

சு., எழுத்தூர்: கழுதைகளும் அரபிகள் கொண்டு வந்தவைதானாமே?

அப்படித்தான் சொல்கிறார்கள். லொறி வந்ததும் சுமை போயிற்று. ஓய்வூதியம் யாரும் கொடுக்கவில்லை. அதனால்தான் மன்னார்த் தெருவில் நடுறோட்டில் நின்று நியாயம் கேட்கின்றன. அவற்றுக்கென்று ஒரு பராமரிப்பு நிலையம் வந்தது நல்ல காரியம்.

ச.தெ., தோட்டவெளி: எங்கள் வேதசாட்சிகளைப் பற்றிப் பேச ஆசை. வேறு ஊர்க்காரர் மனம் நோகுமோ என்று பயமாயும் இருக்கிறது.

பேசுங்கள். மன்னார் மக்கள் கேட்டுக்கொண்டபடி சவேரியார் ஒரு குருவை அனுப்பினார். மதம் மாறியவர்களில் ஏறத்தாழ 600 பேரை 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். மதம் மாறியவர்கள் போர்த்துக்கேயரின் ஆட்களாகிவிடுவார்கள், மன்னாரும் முத்துக் கடலும் கைவிட்டுப் போகும் என்ற அரச பயம் அதன் பின்னால் இருந்தது. 16 வருடத்தில் அது நடந்தும் விட்டது. பயத்துக்குக் காரணம் இருந்தது என்பதால் கொலை நியாயமாகிவிடாது.

என் யோசனை ஒன்று. அதே மேடையில், அதே பின்னேரத்தில், திருக்கேதீச்சரத்தையும் பேச வையுங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் கல் கோட்டைக்குப் போனது என்பது ஊர் நம்பிக்கை. 1872இல் ஆறுமுக நாவலர் அறிக்கை விட்டுத் தட்டி எழுப்பும்வரை அந்த இடம் காடு. தோட்டவெளி ஆள் திருக்கேதீச்சரத்தைப் பற்றியும், அந்தக் கோயில் இருக்கிற மாந்தை ஆள் வேதசாட்சிகளைப் பற்றியும் பேசினால் இன்னும் நல்லது. அவரவர் தன் காயத்தை மட்டும் காட்டுகிற கூட்டம் ஏற்கெனவே நிறைய நடக்கிறது.

வை.கு., உயிலங்குளம்: மாந்தையில் தோண்டியதில் பொன் கிடைத்ததா?

கராம்பு கிடைத்தது. சிரிக்காதீர்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்திய, கருகிய கராம்பு. அப்போது அது விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும், ஏழாயிரம் கிலோமீற்றர் அளவு தூரத்தில். கூடவே மிளகு, சீனத்துப் பீங்கான், பாரசீகக் களிமண் பாத்திரம். பொன் எங்கும் கிடைக்கும். மாதோட்டம் என்ற இந்த மாந்தைத் துறைமுகத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று சொல்ல அந்த ஒரு கராம்பு போதும்.

ஒரு ஆசிரியை, ஹட்டன்: மன்னார் வரலாறு என்று முத்தும் கோட்டையுமாகப் பேசுகிறீர்கள். எங்கள் பூட்டன் பூட்டியும் அங்கேதானே வந்து இறங்கினார்கள்?

அக்கா, சரியான இடத்தில் குத்தினீர்கள். கோப்பிக் காலத்தில், 1830களுக்குப் பிறகு, அக்கரையிலிருந்து தோணியில் வந்து இந்தக் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் லட்சக்கணக்கானோர். காய்ச்சல், பேதி, தண்ணீர் இல்லாமை. பாதையோரம் விழுந்தவர்களை எண்ணிக் கணக்கு வைத்தவர் இல்லை. தேசாதிபதியின் மாளிகைத் தூண் எத்தனை என்று தெரியும். இவர்கள் பெயர் ஒன்றும் தெரியாது. மன்னாரில் இந்தத் தலைப்புக்கு ஒரு பின்னேரம் ஒதுக்காவிட்டால் மற்றப் பின்னேரங்கள் வெறும் வேடிக்கை. பேச்சாளர் மலையகத்திலிருந்து வரவேண்டும். பஸ் செலவை நிலையம் கொடுக்கட்டும்.

எஸ்.வி., திருச்சி: சென்னை எழும்பூரில் டிக்கெட் எடுத்தால் கொழும்பு கோட்டையில் இறங்கலாம் என்று என் அப்பா சொல்வார். சும்மா அடித்து விட்டாரா?

அப்பாவைச் சந்தேகிக்காதீர்கள். போட் மெயில். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் தொடங்கியது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், இறங்கு துறையில் காத்திருக்கும் இலங்கை ரயிலில் கொழும்பு. கடலுக்கு மேலாகவும் பாலம் போடலாமா என்று யோசித்தார்கள்; செலவைப் பார்த்துக் கப்பலே போதும் என்று விட்டார்கள். 1964 டிசெம்பர் 22 இரவு வந்த புயலில், பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு அடிபட்டுப் போனது. தனுஷ்கோடி அதோடு சரி. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடி, 1984இல் யுத்தம் அதையும் நிறுத்தியது. 1990இல் தலைமன்னார் ரயிலும் நின்றது. 2015 மார்ச் 14இல் இந்தியப் பிரதமர் மோடி வந்து கொடி காட்ட மறுபடி ஓடத் தொடங்கியது. ரயில் வந்துவிட்டது. கப்பலைத்தான் காணவில்லை.

த.கோ., தலைமன்னார்: நீந்திப் போய்விடலாம் போலிருக்கிறதே?

போயிருக்கிறார்கள். 1966இல் மிஹிர் சென் இங்கிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் போய்த் திரும்பியே வந்தார், 51 மணி நேரம். 2022இல் மும்பையைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி ஜியா ராய் 13 மணி 10 நிமிடத்தில். விசா வாங்குவதற்கு இதைவிட நாளாகும்.

ஒரு பட்டிமன்றப் பிரியர், மன்னார்: தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணல் திட்டுகள் இராமர் பாலமா, ஆதாம் பாலமா?

பட்டிமன்றம் வைக்காதீர்கள். அங்கே தண்ணீர் சில அடி ஆழந்தான், சண்டை ஆழமாகிவிடும். 2005இல் அந்தத் திட்டுகளூடாகப் போகவிருந்த சேதுசமுத்திரக் கால்வாயை வெட்டத் தொடங்கி நீதிமன்றத்தில் போய் நின்றதைப் பார்த்தோமே.

எம்.எஸ்., எருக்கலம்பிட்டி (இப்போது புத்தளம்): வண்ணமான பழங்கதைகளோடு நிறுத்திக்கொள்வீர்களா, 1990ஐயும் பேசுவீர்களா?

பேச வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து உங்கள் சனம் தோணிகளில் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கியது. அந்தக் கதையைப் பக்கத்து ஊர்க்காரர் சுருக்கிச் சொல்லக்கூடாது, போனவர் வந்து சொல்ல வேண்டும். சொல்லும்போது கேள்வி நேரம் வேண்டாம், குறுக்கே விளக்கம் வேண்டாம், "எங்களுக்கும்தான் நடந்தது" என்று யாரும் எழும்ப வேண்டாம். அப்படி எழும்ப நினைப்பவர்களின் கதைக்கு வேறு ஒரு பின்னேரம் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் அதற்கும் பஞ்சமில்லை. இந்தப் பேச்சை வைக்கத் துணிவில்லாத நிலையம் கடற்கன்னியைப் பற்றியும் பேசத் தேவையில்லை.

பொருளாளர், விடத்தல்தீவு: தேத்தண்ணி பேச்சுக்கு முன்னா, பின்னா?

பின். முன்னால் கொடுத்த நிலையங்களின் அனுபவம் கதிரைகளுக்குத் தெரியும்.

ஒரு இளைஞர், அடம்பன்: பேச்சாளர் கட்டுக்கதையை வரலாறு என்று அடித்து விட்டால் எழும்பித் தடுக்கலாமா?

தடுக்க வேண்டாம். "இது ஏட்டில் உள்ளதா, ஊர் வாயில் உள்ளதா?" என்று முடிவில் ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டும் வேண்டியவைதான். அல்லிராணியை ஏட்டில் தேடக்கூடாது, சிப்பிக் கணக்கை ஊர் வாயில் தேடக்கூடாது. இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு அடுத்த மாதமும் மேடை கொடுங்கள். மற்றவருக்குப் பொன்னாடை போதும்.

பி.யூ., தலைமன்னார் துறை: எங்கள் நிலையத்தில் காசும் இல்லை, பேச்சாளரும் இல்லை. ஒரே ஒரு கூட்டந்தான் வைக்கலாம் என்றால் எதை வைக்கச் சொல்வீர்கள்?

பேச்சாளரைத் தேடி எங்கும் போக வேண்டாம், அவர் உங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார். கப்பலில் சாமான் ஏற்றியவர், ரயில் நிலையத்தில் கொடி காட்டியவர், இறங்கின பயணிகளுக்கு மீன் பொரித்து விற்றவர். கப்பல் நின்ற 1984இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. மூத்தவர்கள் எண்பதில் இருப்பார்கள். மூன்று பேரைக் கூப்பிட்டு இருத்துங்கள். ஒருவர் பேச மற்ற இருவரும் மறுத்துப் பேசட்டும். கைத்தொலைபேசியில் முழுவதையும் பதியுங்கள். பெயர், வயது, திகதியை முதலில் சொல்ல வையுங்கள். ஒரு பிரதியை மன்னார் பொது நூலகத்தில் கொடுங்கள். கூட்டத் திகதி முடிவானதும் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் காசில்லாமல் போடுகிறோம்.